வெள்ளி நாணயமும் அதன் கருமையும்

ஒரு நகரம் தோன்றி நூறாண்டோ இருநூறாண்டோ நிறைவெய்தும்போது, தோரணம் கட்டியும் ஊர்வலம் நடத்தியும் மலர் வெளியிட்டும் அந்நிறைவைக் கொண்டாடுகிற மக்கள், விழாப் பந்தல் பிரிக்கப்பட்ட பின்னும் அதன் ஞாபகம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளாக நிலைத்து நிற்கவேண்டும் என்னும் ஆசையினால், அரசாங்கத்தை வேண்டி வெள்ளியில் ஒரு நாணயம் அடிப்பிக்கும் வழக்கம் பல தேசங்களில் உண்டு. கப்பல் வணிகத்தால் செழித்த கடற்கரைப் பட்டினங்களுக்கு இந்த ஆசை சற்று அதிகம் என்றே தோன்றுகிறது; அவை பிறந்ததும் வளர்ந்ததும் பெரும்பாலும் நாணயத்தின் போக்குவரவினால்தானே! அத்தகைய நாணயத்தைக் கையில் எடுத்து, அது எதனால் ஆனது, ஏன் அப்படிச் செய்தார்கள், நாளடைவில் ஏன் கறுக்கிறது என்று சாஸ்திர ரீதியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மேற்கு மலையின் அடிவாரத்தில், கடல் கண்ணுக்கு எட்டாத சின்னமனூரில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வெள்ளியிடம் நடந்துகொள்ளும் முறையில், இவ்வூர்த் திராட்சைத் தோட்டங்களின் காற்றும் கடற்கரையின் காற்றும் நெருங்கிய உறவுடையவை.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் வாயிலில் உள்ள நார்ஃபோக் என்னும் துறைமுக நகரத்துக்காக வெளியிடப்பட்ட வெள்ளி அரை டாலர், இவ்வகை நாணயங்களில் விசேஷ கவனத்துக்குரியது. மார்ஜரி சிம்ப்ஸன், வில்லியம் சிம்ப்ஸன் என்னும் சிற்பத் தம்பதியர் அதற்கு உருவம் அமைத்தனர். ஒரு பக்கத்தில் நகரத்தின் முத்திரையாகிய பாய்மரக் கப்பலும், அதனடியில் கலப்பையும் கதிர்க்கட்டுகளும் இருக்கின்றன. மறுபக்கத்தில், பிரிட்டிஷ் ஆதிக்கக் காலத்தில் ஆளுநர் டின்விடி அந்நகரத்துக்கு வழங்கிய வெள்ளிச் செங்கோல் நிற்கிறது. செங்கோலின் உச்சியில் இங்கிலாந்து மன்னரின் மகுடம் இருப்பதால், மன்னராட்சியை உதறி எழுந்த குடியரசின் நாணயத்தில் மன்னர் மகுடமே இடம்பெற்ற விசித்திரம் நேர்ந்தது. நிலம் அளிக்கப்பட்ட 1636, ஊர் ஏற்பட்ட 1682, பேரூர் உரிமை பெற்ற 1736, மாநகரான 1845, விழா எடுத்த 1936 என்று ஐந்து ஆண்டுகள் அதில் பொறிக்கப்பட்டிருக்க, அது அடிக்கப்பட்ட 1937 மட்டும் அதில் இல்லை. காங்கிரஸ் சபையின் அனுமதி அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் கிடைத்தது. எடை 12.5 கிராம், அதில் நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி, 10 பங்கு செம்பு.

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர், 1886-ல் நகரமாக அமைந்து, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பெருந்தீக்கு இரையாகி, உடனே மீண்டும் எழுந்த நகரம். அதன் நூற்றாண்டுக்காக 1986-ல் வெளிவந்த வெள்ளி டாலரில் கடலுக்குப் பதிலாக ரயில் எஞ்சின் ஒன்றைக் காண்கிறோம். கண்டத்தைக் குறுக்கே கடந்து வந்த இருப்புப் பாதை கடலைத் தொட்ட பிறகுதான் அத்துறைமுகம் பெருந்துறைமுகமாயிற்று என்பதை அறிந்தவர்களுக்கு அது பொருத்தமாகவே படும். இந்நாணயத்தின் எடை 23.3 கிராம்; வெள்ளி சரிபாதி, செம்பு சரிபாதி. வெள்ளி நாணயம் என்னும் ஒரே பெயரைத் தாங்கிய இவ்விரண்டிலும் வெள்ளியின் பங்கு இவ்வளவு வேறுபடுவானேன் என்ற கேள்வியை இங்கேயே மனத்தில் குறித்துக்கொள்வோம்.

நம் சென்னைப் பட்டினம் 1639 ஆகஸ்ட் 22-ஆம் தேதியைத் தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. 1939-ல் முந்நூறாண்டு நிறைவை ஒட்டி அறிஞர்கள் எழுதிய பெரிய மலர் ஒன்று வெளிவந்தது. ஆயினும் சென்னையை வெள்ளியில் காண விரும்புவோருக்கு அதைக் காட்டிலும் பழைய பொருள் ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1807 முதல் சென்னை அக்கசாலையில் இயந்திரத்தைக் கொண்டு அடித்த வெள்ளி அரை வராகனில், முகப்பில் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரமும், பின்புறம் திருமாலின் உருவமும், ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு பாஷைகளின் எழுத்தும் விளங்குகின்றன. அக்காலத்துச் சென்னையின் பெரிய வெள்ளி நாணயங்கள் சிலவற்றைச் சாய்த்துப் பிடித்து உற்றுப் பார்த்தால், மேலச்சுக்கு அடியில் ஸ்பானிய டாலரின் எழுத்துகள் மங்கலாகத் தெரியும். அமெரிக்கக் கண்டத்துச் சுரங்கங்களில் பிறந்த வெள்ளி, சமுத்திரங்களைக் கடந்து வந்து, உருக்கப்படாமலே இரண்டாம் அச்சு வாங்கி நம் நாட்டுப் பணமாயிற்று.

சுதந்திர இந்தியாவின் ஞாபகார்த்த நாணயங்கள் 1964-ல் நேருவின் மறைவுக்குப் பின் தொடங்கின. அவற்றில் வெள்ளி நுழைந்தது 1969-ல், காந்தியடிகள் நூற்றாண்டுக்கான 10 ரூபாயில். 15 கிராம் எடை, நூற்றுக்கு 80 வெள்ளி. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவுக்காக 2010 என்னும் ஆண்டு பொறித்து வெளியிடப்பட்ட 1000 ரூபாய் நாணயத்தின் எடை 35 கிராம், விட்டம் 44 மில்லிமீட்டர். அதிலும் 80 பங்கு வெள்ளிதான், மீதி 20 செம்பு. காமராசர், அண்ணா, எம்.எஸ்.சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர். ஆகியோரின் நூற்றாண்டுகளுக்கு வந்த 100 ரூபாய் நாணயங்கள் எடையிலும் விட்டத்திலும் தஞ்சை நாணயத்தை ஒத்தவை. ஆனால் அவற்றில் வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. இராசேந்திர சோழனின் கடற்படை கடாரம் சென்று ஆயிரமாண்டு ஆனதை ஒட்டி, 2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு ஞாபகார்த்த நாணயம் வெளியிடப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

இனி, முன்பு குறித்துக்கொண்ட கேள்விக்கு வருவோம். தூய வெள்ளியிலேயே நாணயம் அடித்தால் என்ன? அடிக்கலாம்; ஆனால் அது கைமாறிப் புழங்கும் பணமாக நெடுநாள் நில்லாது. வெள்ளி மிகவும் மிருதுவான உலோகம். அதன் அணுக்கள், ஒரு தட்டில் அடுக்கிய உருண்டைகளைப் போலன்றி முப்பரிமாணத்திலும் நெருங்கிய ஒழுங்கான அணிகளாக அமைந்திருக்கின்றன. அந்த அணிகளின்மீது பலம் செலுத்தும்போது, ஓரணி முழுவதும் ஒரே சமயத்தில் நகர்வதில்லை, அடுக்கில் உள்ள சிறு பிசகு ஒன்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி, அணியை ஓரணு தூரம் நகர்த்திவிட்டுப் போகிறது. வெள்ளியில் அப்பிசகு ஓடுவதற்குத் தடை மிகக் குறைவு. ஆகவே சிறிது அழுத்தினாலே வளைகிறது, உராய்ந்தாலே தேய்கிறது. செம்பைச் சேர்க்கும்போது நிலைமை மாறுகிறது. வெள்ளி அணுவின் ஆரம் 1.44 ஆங்ஸ்ட்ராம், செம்பு அணுவின் ஆரம் 1.28 ஆங்ஸ்ட்ராம். வெள்ளியின் அணிகளுக்கு நடுவே ஆங்காங்கே இந்தச் சிறிய அணுக்கள் உட்கார்ந்து, சுற்றிலும் உள்ள அடுக்கைச் சற்றே கோணலாக்கிவிடுகின்றன. ஓடிவரும் பிசகு அந்தக் கோணலில் சிக்கி நிற்கிறது. நூற்றுக்கு ஏழரைப் பங்கு செம்பு கலந்த ஸ்டெர்லிங் வெள்ளி, தூய வெள்ளியைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகக் கடினமுடையதாக இருப்பதற்கு இதுவே ரகசியம்.

செம்பு வெள்ளியை விட்டுப் பிரியாமல் கரைந்து நிற்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 779 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில்கூட, திட நிலையிலுள்ள வெள்ளி நூற்றுக்கு ஒன்பது பங்குக்குக் குறைவான செம்பையே தன்னுள் ஏற்கிறது. அதற்கு மேல் சேர்த்தால், வெள்ளி மிகுந்த மணிகளும் செம்பு மிகுந்த மணிகளும் தனித்தனியே உறைந்து, பூதக்கண்ணாடிக்கும் எட்டாத நுண்மையில் பக்கம் பக்கமாக அமைகின்றன. பாதிக்குப் பாதி கலந்த நாணயம் புதிதில் வெண்மையாக இருந்து, மேற்புறம் தேய்ந்த பின் மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம் காட்டுவது அதனால்தான்.

இந்தத் தொல்லையை முழுமையாக அனுபவித்தவர்கள் ஆங்கிலேயர்கள். முதல் உலக யுத்தத்துக்குப் பின் வெள்ளி விலை மிக உயர்ந்துவிடவே, 1920-ல் அவர்கள் தம் வெள்ளி நாணயங்களின் மாற்றை 92.5-லிருந்து 50-க்கு இறக்கினார்கள். மீதிப் பாதியில் முதலில் செம்போடு நிக்கலைச் சேர்த்தார்கள், பிறகு செம்பை மட்டும் வைத்துப் பார்த்தார்கள், நிறம் கெட்டது. பல பரிசோதனைகளுக்குப் பின் 1927-ல் வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 என்னும் நால்வகைக் கலவையில் நிலைபெற்றார்கள். நிக்கல் செம்பின் சிவப்பை வெளுக்கச் செய்கிறது. துத்தநாகம் உருக்கும்போது புகும் ஆக்ஸிஜனை வாங்கிக்கொண்டு வார்ப்பைச் சுத்தமாக்குகிறது. இரண்டாம் யுத்தம் மூண்டபின், 1835 முதல் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளியாக இருந்துவந்த நம் ரூபாய்க்கும் 1940-ல் இதே கலவை வந்தது. மாற்றுக் குறைந்த ரூபாயை அக்காலத்து மக்கள் சந்தேகத்தோடு பார்த்ததும், பழைய ரூபாயைப் பானையில் போட்டு மூடியதும் இயல்பே. அந்தக் கலவை வெள்ளிதான் எம்.எஸ். அம்மையாரின் நூற்றாண்டு நாணயத்திலும் இருக்கிறது என்பது, யுத்தத்துக்குப் பிந்திய நெருக்கடி ஒன்றில் கண்ட ரசாயனத் தீர்வு எவ்வளவு சிறந்தது என்பதற்குச் சான்று. அதைக் கலப்படம் என்று இகழ்வது அறியாமை. நான்கு உலோகங்களும் ஒவ்வொன்றும் ஒரு காரியத்தின்பொருட்டு அங்கே இருக்கின்றன.

நாணயம் அடிக்கும் முறையை விரிவாகச் சொல்லவேண்டியதில்லை. உலோகத்தைத் தகடாக உருட்டி, வட்டங்களாக வெட்டி, காய்ச்சி மிருதுவாக்கி, விளிம்பை நெருக்கி உயர்த்தி, அமிலத்தில் வெளுக்கவைத்து, கடினமாக்கப்பட்ட எஃகு அச்சுகள் இரண்டுக்கு நடுவே வைத்து, நூற்றுக்கணக்கான டன் பலத்தில் அழுத்துகிறார்கள். அந்த நொடியில் திடமான உலோகம் குழைந்து பாய்ந்து அச்சின் ஒவ்வொரு பள்ளத்தையும் நிரப்புகிறது. சுற்றியுள்ள வளையம் விளிம்பில் வரிகளை வெட்டுகிறது. நம் 44 மில்லிமீட்டர் நாணயங்களில் அவ்வரிகள் 200. சேகரிப்போருக்கென்று தயாராகும் 'புரூஃப்' வகையில், அச்சின் சமதளத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, உருவத்தின் பகுதியை மட்டும் நுண்ணிய சொரசொரப்பாக்கி, ஒரே வட்டத்தை ஒருமுறைக்கு மேல் மெதுவாக அழுத்துகிறார்கள். தளம் கறுப்பாகவும் உருவம் பனி படிந்தாற்போலும் தோன்றுவது அதனால்.

இதில் வெளுக்கவைக்கும் கட்டம் ஒன்றைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. காய்ச்சும்போது மேற்புறத்துச் செம்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து கறுக்கிறது. அமிலம் அதைக் கரைத்து நீக்கிவிட, மேலே ஏறத்தாழத் தூய வெள்ளித் தோல் ஒன்று நிற்கிறது. அக்கசாலையில் கந்தக அமிலம் செய்கிற இவ்வேலையை, நம் ஊர்ப் பட்டறைகளில் ஆசாரிமார் புளிக்கரைசலைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். நெருப்பிலிருந்து எடுத்த கொலுசு கரியாகக் கிடக்கும். புளித்தண்ணீரில் கொதித்து எழுந்ததும் பால்போல் வெளுத்திருக்கும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்ஸைடைக் கரைக்கிறது, வெள்ளியைத் தொடுவதில்லை. நூலில் படித்து அறியாத ரசாயனம் அது. ஆனால் பிழையற்ற ரசாயனம்.

உலோகத்தில் ஞாபகத்தைப் பொறிக்கும் காரியம் சின்னமனூருக்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பாண்டியன் இராசசிம்மனின் சின்னமனூர்ப் பெரிய செப்பேடுகள், வடமொழியிலும் தமிழிலும் பாண்டியர் குல வரலாற்றைச் சொல்லி, மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதம் தமிழாக்கப்பட்டதையும் குறிக்கின்றன. பராந்தக சோழனிடம் தோற்று, மகுடத்தை ஈழத்தில் விட்டுப் போன மன்னன் அவன்; மகுடம் போயிற்று, ஏடு நின்றது. அவ்வேடுகளுக்குச் செம்பைத் தேர்ந்தமைக்கும், நாணயத்துக்கு வெள்ளியோடு செம்பைக் கலப்பதற்கும் காரணம் நேர் எதிரானது என்பது கவனிக்கத்தக்கது. உளி பிடித்து ஒவ்வோர் எழுத்தாக வெட்டுகிறவனுக்கு உலோகம் மிருதுவாக இருக்கவேண்டும். செம்பு தனித்து நிற்கும்போது மிருதுவானது. பல கைகளில் புழங்கவேண்டிய நாணயத்துக்குக் கடினம் வேண்டும். அதே செம்பு வெள்ளியோடு கலந்ததும் கடினத்தைத் தருகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் இரு கலைஞர்களும் ஒன்றுபடுகிறார்கள். பழைய செப்பேடுகள் பலவற்றில், எழுத்து ஒன்றோடொன்று உராயாதபடி ஓரத்தைத் தூக்கி விளிம்பு கட்டியிருப்பார்கள். நாணயத்தின் உயர்ந்த விளிம்பும் அதே காரியத்துக்காக ஏற்பட்டதுதான்.

கையில் உள்ளது மெய்யாகவே அறிவித்த கலவைதானா என்று சோதிக்க, உரைகல்லில் தேய்த்துக் காயப்படுத்த வேண்டியதில்லை. சின்னமனூர்க் கடைத்தெருவில் எந்த வெள்ளிக்கடையிலும் உள்ள எலெக்ட்ரானிக் தராசு போதும். ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டுவதாக இருக்கவேண்டும். முதலில் நாணயத்தை உலர்ந்தபடி நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு, பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தம்ளரைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் நாணயத்தைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், நீருக்குள் முழுவதும் மூழ்கும்படி கையால் தொங்கவிட்டுப் பிடித்தால், தராசு இப்போது காட்டும் எடை, நாணயம் விலக்கிய நீரின் எடை. அதாவது அதன் கன அளவு. குமிழி ஒட்டியிருந்தால் நூலை மெல்லத் தட்டி விடுவிக்க வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளியின் எடை 10.49 கிராம், செம்பின் எடை 8.96 கிராம் என்பதைக் கொண்டு கணக்கிட்டால், 35 கிராம் தூய வெள்ளி 3.34 கிராம் நீரை விலக்கவேண்டும். தஞ்சை நாணயத்தின் 80-க்கு 20 கலவை 3.45 கிராம், நால்வகைக் கலவை 3.67 கிராம், வெள்ளியே இல்லாத செம்பு-நிக்கல் போலியோ 3.91 கிராம். கண்ணுக்கு ஒரே வெண்மையாகத் தெரிகிற இந்நான்கையும் ஒரு தம்ளர் தண்ணீர் பிரித்துக் காட்டுகிறது. ஈயம் போன்ற கனத்த உலோகத்தைத் தந்திரமாகச் சேர்த்தவனை இச்சோதனை மட்டும் பிடித்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் சாதாரணப் போலிகளுக்கு இதைவிட எளிய பரீட்சை இல்லை. உறையிட்டு வந்த புரூஃப் நாணயத்தை மட்டும் இதற்கென்று வெளியே எடுக்காதீர்கள். நீர் உலர்ந்த சுவடுகூட அந்த மெருகில் நிலைத்துவிடும்.

இப்போது கருமைக்கு வருவோம். வெள்ளிக் காசு கறுத்துவிட்டது, ஆகவே அது நல்ல வெள்ளியன்று என்று முடிவு கட்டுகிறவர்களை எங்கும் காணலாம். கறுப்பதனால் அது வெள்ளியன்று என்று ஆகிவிடாது. வெள்ளி சுத்தமான காற்றில், நீரில், ஆக்ஸிஜனில் சாதாரண உஷ்ணத்தில் மாறுவதேயில்லை. ஆனால் கந்தகத்தின்மீது அதற்கு அளவிறந்த நாட்டம். காற்றில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் வாயு கலந்திருந்தாலும், ஈரத்தின் துணையோடு வெள்ளி அதைப் பற்றி, வெள்ளி சல்ஃபைடு என்னும் கரிய பொருளாகத் தன் மேற்புறத்தை மாற்றிக்கொள்கிறது. அந்தப் படலம் வளரும் விதத்தை அருகிருந்து பார்த்தால் ஆச்சரியம் உண்டாகும். முதலில் வைக்கோல் மஞ்சள், அது ஆழ்ந்து செம்பழுப்பாகும், பிறகு ஊதா, நீலம், கடைசியில் கருமை. இத்தனை வர்ணங்களும் ஒரே பொருளின் வர்ணங்களே. மாறுவது தடிப்பு மட்டும். படலத்தின் மேற்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அலையும், அடியில் வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளி அலையும் ஒன்றையொன்று சந்தித்து, தடிப்புக்கு ஏற்றபடி ஒரு நிறத்தை அழித்து மற்றொன்றை விட்டுவைக்கின்றன. ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறாக்கினால் வரும் கூறில் ஓரிரண்டு தடிப்பிருந்தாலே மஞ்சள் தெரியத் தொடங்கிவிடும். பழைய நாணயத்தின் விளிம்போரத்தில் நீலமும் நடுவில் பொன்னிறமும் படிந்திருந்தால், காற்று எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தது என்பதைக்கூட அதிலிருந்து சொல்லலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு விசேஷமான சூழ்நிலை இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை, சின்னமனூரைச் சுற்றிலும் பந்தல் பந்தலாகப் படர்ந்திருக்கிறது. கொடிக்குச் சாம்பல் நோய் வந்தால் விவசாயிகள் நனையும் கந்தகத்தைத் தெளிக்கிறார்கள். அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அடிக்கிறார்கள். இரண்டிலும் கந்தகம் இருக்கிறது. ஆனால் இரண்டும் வெள்ளியிடம் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. மயில்துத்தத்தில், அதாவது செம்பு சல்பேட்டில் உள்ள கந்தகம் ஏற்கெனவே ஆக்ஸிஜனோடு முழுமையாகப் பிணைந்து அடங்கிவிட்டது. வெள்ளியைத் தேடி வர அதற்கு வேகமில்லை. அதிலுள்ள செம்பைத் துரத்தும் சக்தியும் வெள்ளிக்கு இல்லை. தனித்த கந்தகமோ வெயில் ஏற ஏறச் சிறிதளவு ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. நோய்க் கிருமியைக் கொல்லும் காரியத்தில் பெரும்பங்கு அந்த ஆவிக்கே உரியது. வெள்ளியைக் கறுக்கச் செய்வதும் அதே ஆவிதான். கந்தகம் தெளித்த கையோடு வெள்ளி அரைஞாணைத் தொட்டவர்களும், தெளித்த நாளில் தோட்டத்தில் வேலை செய்த பெண்களின் கொலுசைக் கண்டவர்களும் இதைச் சோதனைச்சாலையின்றியே பிரத்தியட்சமாக அறிவார்கள்.

கடற்கரை நகரத்தில் கந்தகம் வேறு வழியாக வருகிறது. கடல் நீரில் சல்பேட் உப்பு ஏராளம். காயல்களின் சேற்றிலும் கழிமுகத்தின் அடியிலும், ஆக்ஸிஜன் எட்டாத இருளில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்கள், அந்தச் சல்பேட்டிலுள்ள ஆக்ஸிஜனைப் பறித்துச் சுவாசித்து, மிஞ்சிய கந்தகத்தை ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளிவிடுகின்றன. வடிநீர்க் காலத்தில் உப்பங்கழிப் பக்கம் வீசும் அழுகல் நாற்றம் அதுவே. இத்தோடு உப்புக் காற்றிலுள்ள குளோரைடும் சேர்ந்து, வெள்ளியின்மீது வெள்ளி குளோரைடை உண்டாக்குகிறது; அது வெளிச்சம் பட்டதும் ஊதாவாகிக் கறுக்கும். புகைப்படக் கலை பிறந்தது அந்தக் குணத்தினால்தான்.

கடலுக்குள்ளேயே விழுந்த வெள்ளியின் கதி என்ன என்பதற்கு, நமக்கு அண்மையிலேயே ஓர் உதாரணம் உண்டு. இலங்கையின் தென்கிழக்குக் கடலில், கிரேட் பாஸஸ் என்னும் பாறைத் திட்டில் 1961-ல் கடலில் மூழ்கிப் படமெடுப்பவரான மைக் வில்ஸனும் அவருடைய தோழர்களும் ஒரு பழைய கப்பலின் எச்சங்களைக் கண்டார்கள், எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். கப்பலில் இருந்தவை ஔரங்கசீப்பின் வெள்ளி ரூபாய்கள். சூரத் என்னும் துறைமுக நகரத்து அக்கசாலையில், ஹிஜ்ரி 1113-ல், அதாவது 1701-02-ல் அடிக்கப்பட்டவை. பைகளில் கட்டியிருந்த நாணயங்கள், துணி அழிந்த பின்னும் பையின் வடிவிலேயே ஒன்றோடொன்று இறுகிப் பவளம் பூத்த கட்டிகளாகக் கிடந்தன. இத்தகைய கட்டிகளில் வெளியடுக்கு நாணயங்கள் தாங்கள் அரிக்கப்பட்டு, உள்ளடுக்கைக் காக்கும் கவசமாகிவிடுகின்றன. இரும்பு ஆணியோ பீரங்கியோ பக்கத்தில் கிடந்தால் வெள்ளிக்கு இன்னும் பாதுகாப்பு: இரும்பு தன் எலெக்ட்ரான்களை வெள்ளிக்குத் தந்து தான் கரைகிறது, வெள்ளி மாறாமல் இருக்கிறது. தனியாகச் சேற்றில் புதைந்த நாணயமோ முழுவதும் சல்ஃபைடாகி, எழுத்துத் தெரிந்தாலும் உலோகமே மிஞ்சாத கரித்தகடாகிவிடும்.

வீட்டில் வைத்திருக்கும் நாணயத்துக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனால் சத்துருக்கள் பலர். அடுப்பு எரிவாயுவில் வாசனைக்காகச் சேர்க்கும் பொருள், முட்டை, வெங்காயம், பெருங்காயம் எல்லாவற்றிலும் கந்தகச் சேர்க்கைகள் இருக்கின்றன. நோட்டுக் கட்டும் ரப்பர் வளையம் எல்லாவற்றிலும் பொல்லாதது. ரப்பரைப் பதப்படுத்துவதே கந்தகத்தால்தான். காகிதத்தில் சுற்றி ரப்பர் வளையம் மாட்டிப் பீரோவில் வைத்த நாணயத்தின் குறுக்கே, வளையம் கிடந்த இடத்தில் கரிய கோடு விழுந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். மிருதுவான பி.வி.சி. பிளாஸ்டிக் ஆல்பமும் ஆகாது; நாளடைவில் அதிலிருந்து கசியும் அமிலம், கலவையிலுள்ள செம்பைத் தாக்கிப் பச்சைப் பிசின்போல் படிகிறது.

கறுத்ததை வெளுக்கத் திருநீறு போட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். பூஜைப் பாத்திரத்துக்கு அது தகும்; தினமும் கையாளப்படும் கனத்த பொருள் அது. நாணயத்தில் தேய்க்கும்போது கருமையோடு கூட, அந்தக் கருமையாக மாறிய வெள்ளியும் போய்விடுகிறது; திருநீற்றின் நுண்மணிகள் சிற்பி இட்ட மெல்லிய கோடுகளையும், முகத்தின் புடைப்பையும் சிறிது சிறிதாக மழுக்குகின்றன. அலுமினியத் தாளின்மேல் வைத்து, சோடா உப்புக் கரைத்த வெந்நீரை ஊற்றினால், அலுமினியம் கந்தகத்தை வாங்கிக்கொண்டு வெள்ளியை வெள்ளியாகவே திருப்பித் தருகிறது. கொலுசுக்கும் குங்குமச் சிமிழுக்கும் இது உத்தமமான முறை. ஆயினும் திரும்பிய வெள்ளி பழைய மெருகோடு படிவதில்லையாதலால், ஞாபகார்த்த நாணயத்துக்கு இதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். மெல்லிய படலம் வெள்ளிக்கு ஊறு செய்வதில்லை. படலம் தடிக்கத் தடிக்க, அடியிலுள்ள வெள்ளிக்குக் கந்தகம் சென்று சேரும் வேகமும் குறைகிறது. நாணயச் சேகரிப்பில் தேர்ந்தவர்கள், ஒரே சீராக வர்ணம் ஏறிய பழைய நாணயத்தைத் தேய்த்து வெளுத்த நாணயத்தைவிட உயர்வாக மதிப்பதும் இதனாலேயே.

ஆகையால், பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன வெள்ளி ரூபாயோ, நீங்களே பணம் கட்டி வாங்கிய நூற்றாண்டு நாணயமோ உங்கள் வீட்டில் இருக்குமானால், இன்றே எடுத்துப் பாருங்கள். ரப்பர் வளையத்தை அகற்றுங்கள். முகத்தில் விரல் படாமல் விளிம்பைப் பிடித்து எடுத்து, அமிலமற்ற காகித உறையிலோ கெட்டியான தெளிந்த பிளாஸ்டிக் டப்பியிலோ இட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து மூடுங்கள். திராட்சைக்குக் கந்தகம் தெளிக்கும் நாட்களில் பீரோவைத் திறக்காதீர்கள். கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும், தேய்க்க வேண்டாம்.